கணக்குக் கொப்பியை ஒருக்கால் விரித்துப் பாருங்கள், அம்மா

அம்மா, அன்றைக்கு விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை, வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். "ஒழுங்காகப் படிப்பித்திருந்தால் பிள்ளை ஏன் தவணைப் பரீட்சையில் கணக்குக்கு 22 எடுக்கிறான்?" என்றீர்கள். நியாயம்தான். பத்தாம் வகுப்பில் ஒரு தவணை முழுக்கக் கணித ஆசிரியர் இல்லை, பிறகு வந்தவரும் இடமாற்றம் கிடைத்ததும் போய்விட்டார் என்றால் அதற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவனுடைய கொப்பியை நான் பார்த்தேன். கரும்பலகையில் இருந்தது அப்படியே இருக்கிறது, எழுத்தும் முத்து முத்தாக. முக்கோணிகளின் ஒருங்கிசைவு வரும் பக்கத்தில் அவனாகச் செய்த கணக்கு ஒன்று. அதில் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டு 'ஏன்?' என்று எழுதியிருக்கிறார். கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் புதுப்பாடம். அவரும் திரும்பி வந்து பார்க்கவில்லை, உங்கள் பிள்ளையும் "சேர், விளங்கவில்லை" என்று போய் நிற்கவில்லை. கேட்டால், "எல்லாரும் சிரிப்பாங்கள்" என்கிறான்.

ரியூசனைக் கூட்டினால் சரிவரும் என்று மட்டும் நினைக்காதீர்கள், அங்கேயும் இதே மாதிரி இன்னொரு கொப்பிதான் நிரம்பும். ஓ.எல் (சாதாரண தரம்) கணிதத்தில் முதலாம் பத்திரத்தின் ஏ பகுதியில் 25 சிறுவினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. இரண்டு பத்திரத்துக்கும் மொத்தம் 200 புள்ளி, அதை நூற்றுக்கு மாற்றினால் 25 புள்ளி அதிலேயே கிடக்கிறது, சாதாரண சித்தி (S) எடுத்துப் பாஸ் பண்ண 35 போதும். பழைய வினாத்தாளில் நாளுக்கு ஐந்து வினா தானே செய்யட்டும், பிழைத்ததை மறைக்காமல் இப்போதுள்ள ரீச்சரிடம் காட்டட்டும். அவவிடம் நான் கதைத்துவிட்டேன். இடைவேளையில் கொண்டுவந்தால் இருந்து பார்ப்பேன் என்கிறா, ஆனால் தேடிப் போய்க் கூப்பிட மாட்டாவாம். அதுவும் சரிதானே!

ஏ.எல் (உயர்தரம்) படிக்கக் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று அழவும் வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, இவனுக்கோ மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அங்கேயும் கணக்குத் தேவைப்படும் என்பதை அவனிடம் நானே சொல்கிறேன்.

அடுத்தமுறை அவனையும் அந்தக் கொப்பியோடு கூட்டி வாருங்கள். கோபிக்காமல் கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே இருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தால் அவன் வாய் திறக்க மாட்டான்.