சானிட்டைசர் மட்டும் போதுமா?

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு நோரோ வைரஸால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துள்ளன. மற்றவர்கள் கைகளுக்குச் சானிட்டைசர் பூசிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. கொரோனா வைரஸைச் சுற்றியிருக்கும் கொழுப்புறையைச் சானிட்டைசரிலுள்ள ஆல்கஹால் சிதைத்துவிடும். நோரோ வைரஸுக்கோ அந்த உறையே கிடையாது, உறுதியான புரத ஓடு மட்டுமே உண்டு என்பதால், ஆல்கஹால் அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பிட்டு 20 விநாடிகளாவது தேய்த்து ஓடும் நீரில் கழுவும்போது, வைரஸ் அழியாவிட்டாலும் தோலிலிருந்து பெயர்ந்து நீரோடு போய்விடுகிறது. மிகச் சில துகள்களே தொற்றுக்குப் போதுமானவை என்பதால், வாந்தி பட்ட இடத்தைக் கையுறை அணிந்து துடைத்தபின் பிளீச்சிங் கரைசலாலும் அவசியம் சுத்தம் செய்யுங்கள். குணமான பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் மலத்தில் வைரஸ் வெளியேறக்கூடும். ஆகவே அறிகுறிகள் நின்று இரண்டு நாட்களாவது கழியும்வரை, எவ்வளவு வற்புறுத்தினாலும், அவரைச் சமைக்க விடாதீர்கள்.