ஸ்ட்ரோப் மின்னியும் படம் இருட்டு

கேள்வி: காம்பாக்ட் கேமராவின் ஃபிளாஷும், ஃபைபர் ஆப்டிக் கேபிளில் இணைத்த ஸ்ட்ரோபும் (தனி வெளி ஃபிளாஷ்) நீருக்கடியில் மின்னுகின்றன. படம் மட்டும் இருட்டாக விழுகிறதே?

பதில்: ஸ்ட்ரோப் முந்திக்கொள்கிறது. டிடிஎல், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷ் சக்தியைக் கேமராவே தீர்மானிக்கும் முறையில், ஷட்டர் திறக்குமுன் வெளிச்சத்தை அளக்க கேமரா ஒரு முன்மின்னல் விடும். ஸ்ட்ரோப் அதற்கே தன் சக்தியைக் கொட்டிவிடுகிறது. கேமராவில் மேனுவல் ஃபிளாஷ் (சக்தியை நாமே வைக்கும் முறை) இருந்தால் அதையே வையுங்கள். கேமரா ஃபிளாஷுக்கு மிகக் குறைந்த சக்தி போதும். பேட்டரி மிஞ்சும், அடுத்த படத்துக்கு அதிகம் காத்திருக்கவும் வேண்டாம். அந்த வசதி இல்லையா? ஸ்ட்ரோபை முன்மின்னலைத் தாண்டும் முறைக்கு மாற்றுங்கள். ஆட்டோ ஃபிளாஷ், சிவப்புக்கண் நீக்கம் இரண்டும் வேண்டாம்.

ஹவுசிங்கின் (கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டி) ஃபிளாஷ் ஜன்னலை, கேபிள் முனை தவிர, கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். ஒளி கசிந்தால் லென்ஸ் முன்னுள்ள துகள்களெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும்.