வாடகைக்கு ஆள் பார்க்கும்போது எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

கேள்வி: இரண்டு படுக்கையறை உள்ள எங்கள் வீடு இரண்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. முன்பு இருந்தவர் பழக இனிமையானவர்தான். ஆனால் நான்கு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனார், குளியலறைக் கதவும் உடைந்து கிடக்கிறது. இப்போது விளம்பரம் கொடுத்தால் போனில் விசாரிப்பவர்கள் நேரில் வருவதே இல்லை. நல்ல ஆளை எப்படித் தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: வீடு காலியாகக் கிடக்கக் கிடக்க, யாராவது வந்தால் போதும் என்று ஆகிவிடும். பாக்கி வைக்கிற ஆட்கள் உள்ளே நுழைவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். ஆகவே முதலில் நாலு பேராவது கேட்டு வருகிற நிலையை உண்டாக்குங்கள். பொறுக்கி எடுப்பது அதற்குப் பிறகு.

அழைப்பே வராவிட்டால் வாடகை அதிகம், அல்லது படங்கள் மோசம். வந்து பார்த்தவர்கள் திரும்பப் பேசாவிட்டால் குறை வீட்டில்: ஈர வாடை, கறை பிடித்த கழிப்பறை, இருட்டு. உங்களுடையது இரண்டுக்கும் நடுவில். விளம்பரத்தில் இல்லாத ஏதோ ஒன்று போனில் தெரிந்து ஆளைத் தடுக்கிறது. அட்வான்ஸ் தொகை, பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் இல்லாத மாடி, வண்டி நிறுத்த இடமில்லாதது, இவற்றில் எது பொருந்துகிறதோ அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். அழைப்புகள் குறையும். குறையட்டும், மிஞ்சுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள்.

வாடகையை நிர்ணயிக்க, அதே பகுதியில் அதே அளவுள்ள ஐந்தாறு வீடுகளைப் பாருங்கள். பல வாரமாக விளம்பரத்திலேயே நிற்கும் தொகை உரிமையாளரின் ஆசை. சீக்கிரம் காணாமல் போகிறதே, அதுதான் சந்தை விலை. கணக்கும் எளிது. மாதம் 100 வாடகை கேட்கிற இடத்தில் 95க்கு விட்டால் ஆண்டுக்கு 60 நஷ்டம். ஒரு மாதம் காலியாக இருந்தாலே 100 போய்விடும்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், திரைச்சீலைகளை விலக்கி, அறையின் மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் எடுங்கள். குளியலறையையும் விடாதீர்கள், படம் இல்லாத அறையைப் பற்றிப் பார்ப்பவர் மோசமாகத்தான் நினைப்பார். குழாய், ஃப்ளஷ், சுவிட்ச், பூட்டு, அந்த உடைந்த கதவு எல்லாவற்றையும் யாருக்கும் காட்டும் முன்பே சரிசெய்யுங்கள். பொறுப்பானவர்கள் இவற்றைத்தான் திருகிப் பார்ப்பார்கள். எது உடைந்திருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கே வருகிறேன் என்பவருக்கு வேறு வீடு கிடைக்காமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கலாம்.

இனி தேர்வு. யாரையும் பார்ப்பதற்கு முன்பே உங்கள் நிபந்தனைகளைத் தாளில் எழுதிவையுங்கள்: குறைந்தபட்ச வருமானம், எத்தனை பேர் தங்கலாம், எப்போது குடிவர வேண்டும், என்னென்ன ஆவணம். எல்லோருக்கும் அதே அளவுகோல். மதமோ இனமோ பார்த்து மறுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். தவிர, தேதி தவறாமல் வாடகை வருமா என்று அவை சொல்வதும் இல்லை. பழக இனிமையாக இருப்பதும் சொல்லாது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

வாடகை, கைக்கு வரும் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆனால் கடன் தவணைகள் பாதிச் சம்பளத்தை விழுங்கினால் அந்தக் கணக்கு உதவாது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், அதே மாதங்களின் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து வாங்குங்கள். சீட்டில் உள்ள தொகை கணக்கில் விழுந்திருக்கிறதா? பிடித்தங்களைக் கழித்தால் கூட்டல் சரியாக வருகிறதா? போலிச் சீட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். அலுவலகத்துக்குப் பேசும்போது அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு நீங்களே தேடி எடுத்த எண்ணில் கூப்பிடுங்கள். சொந்தத் தொழில் செய்பவரிடம் ஓராண்டுக் கணக்கைக் கேட்டு, வருமானம் குறைந்த மாதத்தில் வாடகை கட்ட முடியுமா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது பழைய வீட்டுக்காரரின் சொல். அதிலும் இப்போதைய வீட்டுக்காரர், ஆள் கிளம்பினால் போதுமென்று புகழக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைப் பிடியுங்கள். விவரம் எதையும் நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், வாடகை எவ்வளவு, எப்போது காலி செய்தார் என்று அவரையே சொல்லவிடுங்கள். வீட்டுக்காரராக நடிக்கும் நண்பர் இங்கே தடுமாறுவார். பிறகு மூன்று கேள்வி: மாதம் எந்தத் தேதியில் பணம் வந்தது, அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், மறுபடி அவருக்கே வீடு விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கமே பாதி பதில்.

முதன்முறை வாடகைக்கு வருபவருக்குப் பழைய வீட்டுக்காரர் இருக்க மாட்டார். அதற்காக ஒதுக்க வேண்டாம். ஜாமீன் நிற்க ஒருவரைக் கேட்டு, அவருடைய வருமானத்தையும் அதே கண்டிப்போடு சரிபாருங்கள். ஆவணம் கேட்டால் தட்டிக்கழித்து, ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன் என்பவர்தான் ஆபத்தானவர். ஏழாவது மாதம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. உள்வாடகைக்கு விடுபவர்களும் இப்படித்தான் வருவார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் சாவி. அன்றே அறை அறையாகப் படம் எடுத்து, மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, இருக்கும் கீறல், விரிசல் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இந்தத் தாள் இல்லாவிட்டால், கதவு முன்பே உடைந்திருந்தது என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. ஒப்பந்தத்தில் மறக்காமல் சேர்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு: கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள முடியாது. கழித்துவிட்டால் சேதத்துக்குப் பிடிக்கப் பணமே மிஞ்சாது. வாடகை மூன்று நாள் தாமதமானதும் போன் செய்யுங்கள், ஒரு வாரம் ஆனால் எழுத்தில் கேளுங்கள். முதல் மாதப் பாக்கியைப் பேசாமல் விட்டால்தான் அது நான்கு மாதமாக வளரும்.