போர் பற்றிய பதிவுக்காக ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: எங்க ஊர் அவிநாசிக்குப் பக்கமுங்க. பையனுக்கு 27 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கான். காசா போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு ஐ.நா.வுல ஓட்டுப் போடாம நம்ம அரசு ஒதுங்குனது வெட்கக்கேடுன்னு ஃபேஸ்புக்ல எழுதுனான். அதையே ஊர் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டான். அதுக்கு அவன்தான் அட்மின். கீழ ரெண்டு பேர் கன்னாபின்னான்னு எழுதீட்டாங்க. யாரோ புகார் குடுத்து, "போனையும் எடுத்துட்டு வா தம்பி"ன்னு ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. போனதும் போனை வாங்கி வெச்சுக்கிட்டாங்க, ரசீது கிடையாது. "நட்பு நாட்டைப் பத்தி இப்படி எழுதறது தேசத்துரோகம், பதிவை அழிச்சுட்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு"ங்கறாங்க. திங்கக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. மருமக அரசுப் பள்ளி டீச்சர், அவளும் அந்தப் பதிவை ஷேர் பண்ணியிருக்கா. என்ன பண்றதுங்க?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையன் எழுதியது குற்றமல்ல. 2025 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் காசா போர்நிறுத்தத் தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, இந்தியா உட்பட 19 நாடுகள் ஒதுங்கி நின்றன. நடந்ததைச் சொல்லி, அது தவறு என்று தன் கருத்தையும் சொல்லியிருக்கிறார். அரசின் வெளியுறவு முடிவு தவறு என்று சொல்வதும் நாட்டுக்கு எதிராக நிற்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு இளைஞனை மிரட்டுவது அநியாயம். ஆனாலும் நியாயம் நம் பக்கம் இருப்பது மட்டும் போதாது, காகிதமும் நம் பக்கம் இருக்க வேண்டும். போனைக் கொடுத்தபோது ரசீது வாங்காததுதான் இதுவரை நடந்த ஒரே தவறு. அதைத் திங்கட்கிழமை சரிசெய்யலாம்.

"தேசத்துரோகம்" என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு இப்போது சட்டப் புத்தகத்தில் இல்லை. வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்த பிரிவு அது. 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., நடைமுறைக்கு வந்தது. அதன் 152-ஆம் பிரிவு கிட்டத்தட்ட அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தண்டனை ஆயுள் வரை போகும் என்பதால் பெயரைச் சொன்னாலே பயம் வரும். ஆனால் அது கேட்பது பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாட்டைக் கவிழ்க்கும் செயல்கள் ஆகியவற்றைத் தூண்டுவதை, அல்லது நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதை. அரசின் நடவடிக்கையைச் சட்டப்படியான வழியில் மாற்றவேண்டும் என்பதற்காக, இவற்றைத் தூண்டாமல், அதிருப்தி தெரிவிப்பது குற்றமாகாது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அந்த விளக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 152 செல்லுமா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஆகஸ்டில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

வன்முறையைத் தூண்டாத, பொது அமைதியைக் குலைக்காத கடும் விமர்சனம் தேசத்துரோகம் ஆகாது என்பது 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே முடிவான விஷயம். உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருங்கி வருவது 2024 மார்ச் 7 தீர்ப்பு. கோலாப்பூரில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட நாளைக் கறுப்பு நாள் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்தும் வைத்தார். அதற்கே வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எதைப் பார்த்தாலும் ஆபத்து என்று பதறும் பலவீனமான மனதைக் கொண்டு ஒரு சொல்லை அளக்கக்கூடாது, உறுதியான, நிதானமான மனிதரைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட அளவுகோல்.

"நட்பு நாடு" என்ற வாதம் எங்கிருந்து வருகிறது? அரசியலமைப்பின் 19(2)-இல், பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக "வெளிநாடுகளுடனான நட்புறவு" இருக்கிறது. 1951-இல் முதல் திருத்தத்தின்போது சேர்ந்தது. அது சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அனுமதி. அதுவே ஒரு குற்றப்பிரிவு அல்ல. ஸ்டேஷனில் அதைச் சொன்னால், "அய்யா, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்னொரு நாட்டு அரசின் போரைக் கண்டிப்பதைக் குற்றமாக்கும் பிரிவு பி.என்.எஸ்.ஸில் இல்லை. இந்தியாவுடன் சமாதானமாக உள்ள நாட்டின் மீது போர் தொடுப்பதும், அதன் பகுதியில் கொள்ளையடிப்பதும்தான் 153, 154-இல் குற்றம்.

ஸ்டேஷனில் "போர்க்காலம்" என்று சொன்னாலும், அந்தச் சொல்லுக்குத் தானாகச் சட்ட பலம் வந்துவிடாது. 19-ஆம் பிரிவு உரிமைகள் தாமாக நின்றுபோக வேண்டுமானால், போர் அல்லது வெளியாக்கிரமிப்பைக் காரணம் காட்டிக் குடியரசுத் தலைவர் நெருக்கடிநிலை பிரகடனம் செய்திருக்க வேண்டும். உள்நாட்டுக் காரணத்துக்காக அறிவிக்கும் நெருக்கடிநிலைக்கு அந்தச் சக்தி கிடையாது என்று 1978-இன் 44-ஆவது திருத்தம் ஆக்கிவிட்டது. போரைக் காரணம் காட்டிய பிரகடனங்கள் 1962 அக்டோபரிலும் 1971 டிசம்பரிலும் வந்தன. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில்கூட வரவில்லை. காசாவில் நடப்பதோ நம் நாடு பங்கெடுக்கும் போரே அல்ல.

இந்தப் பிரச்சினை நம் பகுதிக்குப் புதிதும் அல்ல. ஈழப்போர் உச்சத்தில் இருந்த 2008 டிசம்பரில், ஈரோட்டுப் பொதுக்கூட்டப் பேச்சுக்காகச் சீமான், கொளத்தூர் மணி, பெ. மணியரசன் ஆகியோர் கைதானார்கள். 2009 மே மாதம் கோவை நீலாம்பூர் அருகே, இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்று நம்பி, போராட்டக்காரர்கள் ராணுவ வண்டிகளை மறித்துத் தாக்கினார்கள். பேச்சு வேறு, கல் வேறு. முன்னதை அரசியலமைப்பு காக்கும், பின்னதை எந்த நீதிமன்றமும் காக்காது.

இனி உண்மையில் எங்கே சிக்கல் வரும் என்று பார்ப்போம். பதிவில் அல்ல, அதன் கீழே வந்த கருத்துகளில். அந்த இரண்டு பேர் ஒரு மதத்தையோ சாதியையோ இழிவாக எழுதியிருந்தால் பி.என்.எஸ். 196 அவர்கள் மீது பாயலாம். மூன்றாண்டு வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. அட்மின் என்பதற்காக மட்டும் உங்கள் பையனைச் சேர்க்க முடியாது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த வழக்கிலேயே சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் அந்தக் கருத்துக்கு லைக் போட்டாரா, "கரெக்ட்" என்று பதில் எழுதினாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தது, வேறெங்கோ எடுத்த குண்டுவீச்சு வீடியோவை இது காசா என்று ஃபார்வர்டு செய்வது. வதந்திக்கு பி.என்.எஸ். 353 இருக்கிறது. உண்மை என்று நம்ப நியாயமான காரணமும் நல்லெண்ணமும் இருந்தால் அதே பிரிவு விலக்கும் தருகிறது, ஆனால் அதைக் காட்ட வேண்டிய நிலை நமக்கு வரும். சூலூர் விமானப்படைத் தளத்தை, அங்கே ஏறி இறங்கும் விமானங்களைப் படம் எடுத்துப் போடுவது இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் குறுக்கே வரும்.

பதிவை அழிக்க வேண்டாம். இன்று அழிக்கச் சொன்னவர்களே நாளை சாட்சியத்தை அழித்ததாக பி.என்.எஸ். 241-ஐக் காட்ட வாய்ப்புண்டு. அதோடு, வார்த்தை மாறாத அந்த மூலப்பதிவுதான் நமக்கான பெரிய ஆதாரம். இணைப்பு முகவரி, தேதி, நேரம், கீழே வந்த கருத்துகள் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, "ஒன்லி மீ" என்று மாற்றி வையுங்கள். வீட்டில் வேறு போனில் நுழைந்தே இதைச் செய்யலாம். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். பிரச்சினை இதோடு முடியும் என்றுதான் கேட்பார்கள். ஆனால் "தவறு செய்தேன்" என்று கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருந்தால், கம்பெனி விசாரணையிலும் அடுத்த புகாரிலும் அது முதல் பக்கமாக நிற்கும். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்கக்கூடாது என்று போலீஸ், நீதிமன்ற நடைமுறைகளுக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., 181 சொல்கிறது.

திங்கட்கிழமை தனியாக அனுப்பாதீர்கள். வழக்கறிஞரோடு போகட்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும், விசாரணையில் வழக்கறிஞர் உடனிருக்கவும் உரிமை உண்டு என்பது 1978-இன் நந்தினி சத்பதி தீர்ப்பு. முதல் கேள்வி, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பது: புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமா, வழக்காகப் பதிந்து எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா? மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள புகாரில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்த பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் தருகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகாரென்றால் அப்படி விசாரித்த பிறகு எஃப்.ஐ.ஆர். போடுவதே சரி என்று இம்ரான் பிரதாப்கரி வழக்கில் 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். இருந்தால், அதே சட்டத்தின் 35(3)-இன்படி எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்பது 2025 ஜனவரி உத்தரவு. அந்த நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் கட்டாயம் போயாக வேண்டும். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

போன் விஷயம். கைப்பற்றினால் பட்டியல் எழுதவேண்டும், பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி வீடியோ எடுக்கவேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்கிய பெட்டியைத் தேடி எடுங்கள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும், இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண். மாடல், நிறம், கண்ணாடியில் கீறல் இருந்தால் அது எந்த மூலையில், சிம் எண்கள், மெமரி கார்டு உண்டா, கொடுத்த தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி ரசீது கேளுங்கள். தடயவியலுக்கு அனுப்பினால் ஹேஷ் மதிப்பை, அதாவது போனில் உள்ள தரவின் கைரேகை போன்ற எண்ணை, குறிக்கச் சொல்லுங்கள். பிறகு எதையும் உள்ளே சேர்க்கவில்லை என்பதற்கு அதுதான் பூட்டு. பாஸ்வேர்டை வழக்கறிஞரைக் கேட்காமல் சொல்ல வேண்டாம், நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இதில் ஒன்றுபோல் இல்லை. போனைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-இல் மனுப் போடலாம்.

கைது பயம் இருந்தால், எஃப்.ஐ.ஆர். வராவிட்டாலும் திருப்பூர் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்கலாம். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். 482. பழைய சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பிரிவின் எண்ணும் 482 என்பதால் மனுக்களில் குழப்பம் வருகிறது. ரத்து மனு இப்போது 528, சென்னை உயர் நீதிமன்றத்தில். ஜாமீன் நிபந்தனையையும் கவனியுங்கள். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றிய பதிவுக்காக ஹரியாணாவில் கைதான பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு இடைக்கால ஜாமீன் கிடைத்தபோது, அந்த விவகாரம் பற்றி எழுதக்கூடாது, பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனைகளும் சேர்ந்தே வந்தன. பையனுக்கு வெளிநாட்டுப் பயணம் உள்ள வேலை என்றால் இதை முன்கூட்டியே வாதாட வேண்டும். இன்னொன்று: 152, 196 போன்ற பிரிவுகளில் மத்திய அல்லது மாநில அரசின் முன்அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது. பி.என்.எஸ்.எஸ். 217.

மருமகள் விஷயம் தனி. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசுக் கொள்கையை வெளிப்படையாக விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அந்த விதிமீறலுக்காகக் குற்றவழக்கு வராது, ஆனால் 17(அ), 17(ஆ) குறிப்பாணை, அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கைக்கான விளக்கம் கேட்கும் கடிதம், வரலாம். அவர் பகிர்வை இப்போதைக்கு மறைத்து வைக்கட்டும். குறிப்பாணை வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் கஷ்டமென்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுடன் இணைப்பார்கள். திங்கட்கிழமைக்கு ஒரு கடிதம் போதும்: இன்ன தேதி போனில் அழைத்ததால் வந்தேன், இன்ன எண் கொண்ட போனை ரசீதின்றிக் கொடுத்தேன், ரசீதும் புகார் நகலும் தரவேண்டுகிறேன், விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் ஸ்டேஷன் முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் அன்றே மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்தச் சீட்டைப் போன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.