ஏரா போட்ட பிறகு நீளத்தைக் கூட்ட முடியாது

வணக்கம் அண்ணே,

போன வாரம் மண்டபத்தில் உங்களோடு வந்த மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "புதுசா ஒரு கம்ப்யூட்டர் டிசைன் பண்ணினா, மெமரி முகவரிக்கு எத்தனை பிட் ஒதுக்கணும் சார்?" நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எந்தக் கோர்ஸ் எடுத்தால் உடனே வேலை என்பதிலேயே நின்றீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் அவள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை.

விசைப்படகு வைத்திருக்கிறீர்கள். எஞ்சினை மாற்றலாம், வலையை மாற்றலாம். அடிமரமான ஏராவைப் போட்ட பிறகு படகின் நீளத்தைக் கூட்ட முடியுமா? கம்ப்யூட்டருக்கு முகவரி அப்படி. மெமரியின் ஒவ்வொரு பைட்டுக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. பிட் என்பது 0 அல்லது 1 எழுதும் ஓர் இடம், ஒரு பிட் கூடினால் எண்கள் இரு மடங்காகும். 16 பிட் ஒதுக்கினால் 65,536 எண்கள்தான். அதற்கு மேல் மெமரி வாங்கிப் போட்டாலும் நேராக எட்டாது. விலை குறைந்து மெமரி இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் தீர்ந்துபோகும். 1970-இல் வந்த பிடிபி-11 என்ற கம்ப்யூட்டர் இந்த 16 பிட்டில்தான் மாட்டிக்கொண்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்டன் பெல், முகவரி பிட் போதாமல் போவதுதான் மீளக் கடினமான தவறு என்று 1976-இல் எழுதினார். மறு ஆண்டே, பிடிபி-11-ஐத் தயாரித்த அதே நிறுவனம் 32 பிட்டில் 'வாக்ஸ்' (விர்ச்சுவல் அட்ரஸ் எக்ஸ்டென்ஷன்) கொண்டுவந்தது. அந்தப் பெயரின் விரிவிலேயே முகவரி நீட்டிப்பு இருக்கிறது!

சரி, 64 பிட்டை அள்ளிக் கொடுத்துவிடலாமே? அதற்கும் செலவு உண்டு. 32 பிட்டை விட ஒவ்வொரு முகவரியும் இரு மடங்கு இடம் பிடிக்கும், சிப்புக்குள் இருக்கும் சின்ன, வேகமான கேஷ் மெமரி சீக்கிரம் நிரம்பும். முகவரி தேடும் அட்டவணையிலும் அடுக்கு கூடும்: 48 பிட்டுக்கு 4, 57 பிட்டுக்கு 5. அதனால்தான் 2003-இல் ஏஎம்டி என்ற சிப் நிறுவனம் 64 பிட் சிப்பை இறக்கியபோது, நடைமுறையில் 48-ஐ மட்டும் திறந்துவிட்டு, மிச்சத்தில் யாரும் கைவைக்காதபடி காவல் போட்டது. அந்தக் காவலுக்குக் காரணம் பழைய சூடு. 1964-இல் வந்த ஐபிஎம் 360 கம்ப்யூட்டரில், முகவரியைக் கையில் வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர் என்ற இடம் 32 பிட், முகவரி 24. சும்மா கிடந்த 8 பிட்டில் புரோகிராமர்கள் தங்கள் சாமான்களை அடுக்கிவிட்டார்கள். பின்னால் முகவரியை நீட்டியபோது, பழைய 24 பிட் முறையையும் கூடவே சுமக்க வேண்டியதாயிற்று. காலி இடத்தில் வலை உலர்த்தப் போய், அதுவே பாத்தியதை ஆகிவிடுவது நம் கரையிலும் நடப்பதுதானே.

ஆக மகளுக்கு என் பதில்: இடத்தைத் தாராளமாக ஒதுக்கு, இன்றைக்குத் தேவையானதை மட்டும் திற, மிச்சத்தைப் பூட்டி வை.

இப்போது உங்கள் கவலை. இந்த விஷயத்துக்கு கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் என்று பெயர். சிஎஸ்இ, ஈசிஇ இரண்டிலும் பாடமாக வரும். அவளுக்கு ஈசிஇ பொருந்தும் என்பது என் எண்ணம், புரோகிராமிங்கை விடாமல் படித்தால் சாஃப்ட்வேர் கதவும் மூடாது. மறைக்காமல் சொல்கிறேன், சிப் வடிவமைப்பில் வேலை சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லை. இருப்பதும் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில்தான். பல இடங்களில் கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். முடித்தவர்களைத்தான் தேடுகிறார்கள். நாலு வருடத்தில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சென்னை ஐஐடியின் 'சக்தி' சிப்பைப் பற்றியும் அவள் படிக்கட்டும். அது ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட வடிவமைப்பில் எழுந்தது, கற்றுக்கொள்ளத் தேவையான மென்பொருள்கள் இலவசம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். அதற்குப் பள்ளியில் சான்று வாங்க வேண்டும். ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்தால் உங்களைக் கரையில் பிடிக்க முடியாது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள்.