படம் அழகாக இருந்தும் பதற்றம் வராதது ஏன்?

திரில்லர் படத்தில் பதற்றம் என்பது, பாத்திரத்துக்கு என்ன ஆகுமோ என்று நாம் அஞ்சிக் காத்திருக்கும் நேரம். இருட்டும் நீல ஒளியும் மழைத்தெருவும் ஒரு மனநிலையைத் தரும், அவ்வளவுதான். அச்சத்துக்குத் தகவல் வேண்டும். கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் ஒருவர் கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்கிறார். ரயில் வருவதை அவர் அறியாமல் நாம் மட்டும் அறிந்திருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாமும் அறியாவிட்டால் அது அழகான கடற்காட்சி. திரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் சொன்னார்: மேசைக்கடியில் உள்ள குண்டு திடீரென வெடித்தால் 15 வினாடி அதிர்ச்சி, முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம். பல ஸ்டைலான படங்கள், நாயகன் எதை இழப்பான், எவ்வளவு நேரம் மிச்சம் என்பதையே மர்மம் என்று மறைத்துவிடுகின்றன. வேகம் குறைவதுதான் குறை என்பது தவறான எண்ணம். ஆபத்து தெரிந்திருந்தால் அசையாத ஷாட்கூட நம்மைப் பிடித்து வைக்கும்.