லேப்ராஸ்கோப்பியில் ஃபைப்ராய்டு எடுக்கும்போது ரத்தப்போக்கு

தங்கைக்கு 8 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி), ஹீமோகுளோபினும் 8 தான், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனில்) ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தியேட்டர் நர்ஸ். முதலில் அந்த ஹீமோகுளோபினை ஏற்றுங்கள். அவசரம் இல்லையென்றால், நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிச் சில வாரம் கழித்துப் போவதுதான் நல்லது.

ஆபரேஷனில், கட்டியைச் சுற்றியுள்ள கர்ப்பப்பைத் தசையில் வாசோப்ரெசின் என்ற மருந்தை நன்றாக நீர்க்கச் செய்து ஊசியாகப் போடுவார்கள், ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அது தவறி ரத்தக்குழாய்க்குள்ளேயே போனால் பிரஷர் எகிறும், நாடித்துடிப்பு தடாலென்று இறங்கும், அதனால்தான் ஊசி போடும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டே போடுவார்கள். தங்கைக்கு இதயக் கோளாறோ பிரஷரோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தும் கொடுப்பதுண்டு. பெரிய கட்டி என்றால் கர்ப்பப்பைத் தமனியைத் தற்காலிகமாகக் கிளிப் போட்டு அடைப்பவர்களும் உண்டு. ஆனால் என் கண்ணுக்கு, ரத்தத்தை உண்மையில் நிறுத்துவது கட்டி இருந்த குழியை அடுக்கடுக்காக வேகமாகத் தைக்கிற கைதான், முள் நூல் (சிறு முட்கள் தசையைப் பிடித்துக்கொள்ளும் தையல் நூல்) இருந்தால் முடிச்சுப் போடும் நேரமும் மிச்சம்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: ரத்தம் கிராஸ்மேட்ச் செய்து (தங்கையின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து) வைப்பார்களா, எந்தக் கட்டத்தில் வயிற்றைத் திறப்பார்கள்? கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.